தண்ணீர் பழகுமட்டும்

"அப்பப்பா, நெடுந்தீவு மதிலில இருந்து ஒரு கல்லு கொண்டு வாங்கோ, எங்கட தொட்டிக்குள்ள வைப்பம்" என்று பேரன் தொலைபேசியில் கேட்டான். கனடாவில் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பதினொரு வயதுப் பிள்ளை. அவன் கேட்டு நான் இல்லையென்று சொன்னதில்லை. இதற்கு இல்லையென்று சொன்னேன்.

நெடுந்தீவுக்கு இப்போதும் குறிகட்டுவானில் படகேறித்தான் போக வேண்டும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். இறங்கி நடந்தால் ஒழுங்கைகளின் இரு பக்கமும் முருகைக்கல் மதில். நாங்கள் ஓலையால் வேலி அடைக்கிற இடத்தில் நெடுந்தீவார் கல்லை அடுக்கினார்கள். சாந்து கிடையாது, சீமெந்து கிடையாது. ஒரு கல்லின் பள்ளத்தில் அடுத்த கல்லின் மேடு உட்காரும்படி பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். காற்று ஊடே போகும், மதில் நிற்கும். அந்தத் தீவின் பழைய கோட்டையும் இதே கல்தான்.

ஒரு கல்லைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் தேன்வதை போலக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் கடதாசியிலும் மெல்லிய தகடுகள் சுற்றிவர நின்று நடுவை நோக்கிப் போகின்றன. ஒரு குழி என்றால் ஓர் உயிர் இருந்த அறை. அந்த உயிரைப் பொலிப்பு என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். கடல்நீரில் கரைந்திருக்கும் கல்சியத்தை எடுத்துத் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புச் சுவர் கட்டுவது அதன் வேலை. அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலை வைத்துச் சமைத்துக் கொடுப்பதில் பெரும்பகுதி அதன் சாப்பாடு. உருண்டையாக வளரும் இனங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீற்றர் அளவில்தான் பெருக்கும். மதிலில் இருக்கும் ஒரு சாண் உயரக் கல் இருபது வருடத்து வேலை.

அதைப் பெயர்த்துப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் கொண்டுபோகச் சட்டம் விடாது. கடலோரத்தில் முருகைக்கல் அகழ்வதையும் இலங்கை தடை செய்திருக்கிறது. ஆனால் பேரனுக்கு நான் சட்டத்தைச் சொல்லவில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது தெற்குக் கரையில் நடந்ததைச் சொன்னேன். ஹிக்கடுவையில் முருகைப் பாறை இருந்தது, அலை அங்கே பலம் குறைந்து வந்தது. சில கிலோமீற்றர் தள்ளிப் பெரலியவில் சுண்ணாம்புக்காகப் பாறையை வருடக்கணக்காகத் தோண்டி எடுத்திருந்தார்கள். அங்கேதான் கடல் உள்ளே புகுந்து ரயிலையே புரட்டியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வேண்டாம் அப்பப்பா" என்றான்.

அவர்கள் முருகை வளர்க்கும் அந்தத் தொட்டிக்கு மேசை செய்தது நான். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்காபரோவுக்குப் போய் ஏழு மாதம் நின்றபோது மகனும் நானும் சேர்ந்து செய்தோம். தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அமெரிக்க அளவில் 180 கலன் என்பார்கள், நம் கணக்கில் ஏறக்குறைய 680 லீற்றர். மருமகளுக்கு அதில் விருப்பம் இல்லை. "இதை வைச்சால் பிறகு வீடு மாற ஏலாது" என்றாள். மகன் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. "அதுக்குத்தான் வைக்கிறன்."

1990 இல் போரால் யாழ்ப்பாணத் தீவகத்தை விட்டு நாங்கள் வெளியேறியபோது அவனுக்கு ஒன்பது வயது. நான் என் உளிப்பெட்டியை விட்டுவிட்டு வந்தேன், அவன் ஒரு போத்தலுக்குள் வைத்திருந்த இரண்டு மீன்குஞ்சை விட்டுவிட்டு வந்தான். அதன்பின் வன்னி, கொழும்பு, கனடா என்று பதினொரு வீடு. எண்ணிச் சொன்னவன் அவன்தான். அந்த மீன்குஞ்சைப் பற்றி முப்பது வருடமாக அவன் வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மேசைக்கு வருகிறேன். ஊர்காவற்றுறையில் என் மாமா வள்ளம் கட்டினவர். அவரிடம்தான் சீவுளி பிடிக்கப் பழகினேன். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற மரக்கப்பல் 1938 இல் நம் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கதையை வேலைக்கிடையில் திரும்பத் திரும்பச் சொல்லுவார். அவர் எனக்குத் தந்த பாடம் ஒன்றுதான்: பாரம் மரத்தில் இருக்க வேணும், ஆணியில் தொங்கக் கூடாது.

கடையில் விற்கும் மேசைகள் பலவற்றில் மேற்சட்டம் காலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிடித்திருப்பது நாலு திருகாணி. புத்தகம் அடுக்க அது போதும். இங்கே தண்ணீர் மட்டும் 700 கிலோ, கண்ணாடி நூற்றிருபது. கல்லும் மணலும் போட்டால் ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும். அந்தக் கனம் இரவு பகல் இறங்காது. ஆகவே மேற்சட்டம் முழுவதும் காலின் தலைமேல் உட்கார வேண்டும். நாலு மூலைக்கு நாலு கால், நீளப்பாட்டுக்கு நடுவில் முன்னும் பின்னும் இரண்டு. டக்ளஸ் ஃபர் மரம் எடுத்தோம். எங்கள் வேம்பின் கசப்பு வாசமோ பாலையின் இறுக்கமோ அதில் இல்லை, ஆனால் நார் நேராக ஓடும், நம்பி வேலை செய்யலாம். காலின் தலையில் கழுந்து வெட்டி, சட்டத்தில் துளை எடுத்து இறக்கினேன். திருகாணி போட்டது மரம் விலகாமல் பிடிக்க மட்டும். பின்பக்கம் முழுவதும் ஒட்டுப்பலகை அடித்தோம். அது அழகுக்கு அல்ல, மேசை பக்கவாட்டில் சரியாமல் இருக்க. உள்ளே மூன்று தரம் வார்னிஷ். உப்பு தண்ணீராக வராது, ஆவியோடும் தெறிப்போடும் வந்து மூலைகளில் வெள்ளையாகப் பூக்கும். அந்த மூலைகளைத்தான் கவனமாகப் பூச வேண்டும்.

வீட்டின் மேல்தளம் மரத்தளம் என்பதால் பேஸ்மென்டில் சீமெந்து நிலத்தில் வைத்தோம். அந்த நிலமும் மட்டமில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் ஒரு மூலை எட்டு மில்லிமீற்றர் பள்ளம். மகன், "தொட்டிக்குக் கீழ ஏதாவது வைச்சு நிமிர்த்துவம்" என்றான். கூடவே கூடாது. கண்ணாடிக்குக் கீழே ஓர் இடத்தில் முட்டுக் கொடுத்தால் பாரம் முழுவதும் அந்த இடத்தில் குத்தும், என்றோ ஒரு நாள் வெடிக்கும். பிழை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆப்பு இறக்க வேண்டும். மேசைக்காலுக்குக் கீழே மெல்லிய ஆப்பு சீவி இறக்கினோம். அதற்கு மட்டும் ஒரு பகல் போனது. மேசை முடிய ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் அவனோடு பேசியது அதற்கு முந்திய ஒன்பது வருடத்தில் பேசியதைவிட அதிகம்.

தண்ணீர் நிரப்பியதும் மீன் விடலாம் என்று பேரன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகன் சிரித்துக்கொண்டு, "தண்ணி பழக வேணும்" என்றான். லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் உப்புக் கரைத்து, சூடு 26 பாகையில் நிறுத்தி, வெறும் கல்லும் மணலும் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மீன் கழிப்பதிலும் மிச்சச் சாப்பாட்டிலும் அமோனியா உண்டாகும், அது நஞ்சு. அதை ஒருவகை பக்டீரியா நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றினால்தான் உயிர் தாங்கும். இந்த இரண்டு கூட்டமும் கல்லின் துவாரங்களில் குடியேறிப் பெருகவேண்டும். கடையில் வாங்கிய அமோனியாவைக் கொஞ்சம் விட்டு அவற்றுக்குத் தீனி போட்டோம்.

ஆச்சி புதுச் சட்டி வாங்கினால் உடனே கறி வைக்க மாட்டா. அரிசி கழுவின தண்ணீர் ஊற்றி வைப்பா, கஞ்சி காய்ச்சுவா, பிறகுதான் அது கறிச்சட்டி. எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. ஒவ்வொரு பின்னேரமும் பேரன் ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்துத் துளி மருந்து விடுவான். பச்சையாக மாறினால் அமோனியா இருக்கிறது. முதலாம் வாரம் பச்சை, இரண்டாம் வாரம் கரும்பச்சை. அவன் முகம் சுருங்கும், குழாயைக் கழுவி வைப்பான். ஐந்தாம் வாரம் ஒரு நாள் மஞ்சளாகவே நின்றது. விளக்குக்குக் கீழே பிடித்து எல்லோருக்கும் காட்டினான். அதற்குப் பின்னும் ஒரு வாரம் பொறுத்துத்தான் இரண்டு மீன் வந்தது.

முருகை அதற்கும் பல கிழமை கழித்து வந்தது. கடலில் பிடுங்கியது அல்ல. தொட்டிகளில் வளர்ந்ததை வெட்டி, வளர்ப்பவர்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் துண்டு. முருங்கைத் தடியை முறித்து நடுகிறோமே, அதேபோல. பெருவிரல் நகத்தளவு துண்டுகளைப் பசை வைத்துக் கல்லில் நட்டோம்.

இனி நான் செய்த பிழை. மகன் ஒரு வாரம் வேலைக்காக வெளியூர் போனான். குளிர்காலம், வீட்டுக்குள் சூடாக்கி ஓடிக் காற்று காய்ந்திருந்தது. நாளுக்கு எட்டு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் போனது. பக்கத்தில் இரண்டு பீப்பா, ஒன்றில் வடித்த நல்ல தண்ணீர், மற்றதில் கரைத்த உப்புத்தண்ணீர். கடல்தானே என்று நான் உப்புத்தண்ணீரை ஊற்றினேன். ஒவ்வொரு நாளும் ஊற்றினேன். ஏழாம் நாள் முருகை எல்லாம் சுருங்கி மூடிக்கொண்டது. உப்புமானியில் 1.026 இருக்கவேண்டியது 1.028 ஐத் தாண்டியிருந்தது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். இதை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆவணி வெயிலில் தரவையில் தண்ணீர் வற்றி உப்புப் படிவதை மிதித்து நடந்து பள்ளிக்கூடம் போனவன் நான். தெரிந்ததை வேண்டிய நேரத்தில் நினைக்காமல் விட்டது என் குற்றம், அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

திரும்பி வந்த மகன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் பதறிப்போய் ஒரேயடியாக ஐம்பது லீற்றர் நல்ல தண்ணீர் மாற்றப் போனான். நான் அவன் கையைப் பிடித்தேன். எங்கள் தீவகத்துக் கிணறு எனக்கு அப்போதுதான் கைகொடுத்தது. எங்கள் நிலத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் அது கலங்கவில்லை. மோட்டர் போட்டு ஒரே மூச்சில் இழுத்த இடங்களில் கீழே கிடந்த உவர் மேலே ஏறியது. ஏறிய உவரை இறக்க ஒரு மாரி போதாது, பல மாரி வேண்டும். "ஏழு நாளில ஏறினது, ஏழு நாளில இறங்கட்டும்" என்றேன். நாளுக்கு ஏழு லீற்றர் உப்புத்தண்ணீரை எடுத்து, அந்த அளவு நல்ல தண்ணீர் விட்டோம். மூன்றாம் நாள் ஒன்று திறந்தது. பத்தாம் நாள் எல்லாம் திறந்தன. சின்னத் தொட்டியாக இருந்திருந்தால் என் கைப்பிழை மூன்று நாளில் எல்லாவற்றையும் கொன்றிருக்கும். பெரிய தண்ணீர் பொறுத்துக்கொண்டது.

அதன்பின் மகன் எண்களைத் துரத்துவதைக் குறைத்துவிட்டான். முன்பெல்லாம் காரத்தன்மை 8 காட்டினால் 9 ஆக்க மருந்து விடுவான், கல்சியம் 420 காட்டினால் 440 ஆக்கப் பார்ப்பான். முருகைக்கு 8 இல் நின்றாலும் காரியமில்லை, 9 இல் நின்றாலும் காரியமில்லை. இன்றைக்கு 7, நாளைக்கு 10 என்றால்தான் அதற்குச் சாவு. எழுந்து வேறிடம் போகத் தெரியாத உயிர் அது. சுற்றியிருப்பது ஒரே மாதிரி இருந்தால் நின்ற இடத்தில் வீடு கட்டும். 1998 இல் கடல் சூடேறியபோது இலங்கையைச் சுற்றிய பாறைகள் பல வெளுத்துச் செத்தன. ஓடித் தப்ப அவற்றுக்குக் கால் இல்லை.

மருமகள் இப்போது தொட்டிக்கு எதிரே ஒரு கதிரை போட்டிருக்கிறாள். வேலையால் வந்து தேத்தண்ணியோடு அதில்தான் இருப்பாளாம்.

கல் கேட்டு நான் இல்லையென்று சொன்ன மறு கிழமை நெடுந்தீவுக்குப் போனேன். வெயில் சரிந்த நேரம், நிழல் குழிகளுக்குள் விழுந்து ஒவ்வொரு அறையும் தனித்தனியாகத் தெரிந்தது. மதிலில் இருந்தபடியே ஒரு கல்லைக் கிட்டப் படம் எடுத்துப் பேரனுக்கு அனுப்பினேன். அங்கே விடிகாலை. கொஞ்ச நேரத்தில் அவனிடம் இருந்து ஒரு படம் வந்தது. நாங்கள் நட்ட நகத்தளவு துண்டுகளில் ஒன்று, இப்போது ஓரம் தடித்துப் பசையைத் தாண்டிக் கல்லில் ஒரு நெல்மணி அகலம் ஏறியிருக்கிறது. அதே தேன்வதைக் குழிகள், ஆனால் பச்சையாக, உயிரோடு. கீழே குரல் பதிவு ஒன்று.

"அப்பப்பா, மதிலில இருக்கிறது எங்கட வீட்டில இருக்கிறதுதானே!"