வேலி அடைத்த விடுமுறை

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். விரிவுரை மண்டபத்திலே இதனைக் கேட்கும்பொழுது மனம் தளிரையும் தென்றலையும் நாடுகின்றது. யாழ்ப்பாணத்திலே அக்காலத்தைக் கழித்தவர்களுக்கோ வேறொரு காட்சிதான் முன்னிற்கும். ஏப்ரல் மாத நடுப்பகுதியிலே கதிரவன் எமது உச்சந்தலைக்கு நேர்மேலே வந்து நிற்கின்றான். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்து தீர்ந்துவிடுவதால், பங்குனி சித்திரையிலே செம்மண் காய்ந்து, கிணற்று நீர் கீழிறங்கிவிடும். வீட்டுக்காரன் தன் வீட்டைத் திருத்துவதற்குரிய காலமும் இதுவே. நீர் வற்றிய கிணற்றை இறைத்துச் சேறு அள்ளலாம், கூரையைப் பிரித்து உக்கிய சிலாகைகளை மாற்றலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், வேலி அடைக்கலாம். வருடப் பிறப்பிற்கு முன்னர் இவற்றை முடித்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

கடந்த பங்குனி விடுமுறையில் நான் வீடு சென்றபோது இவ்வேலைகளுள் இறுதியானது மட்டுமே எஞ்சியிருந்தது. எமது வளவு வலிகாமம் வடக்கிலே உள்ளது. 1990 ஆம் ஆண்டில் அவ்வூர்கள் இடம்பெயர்ந்தன. போர் 2009 இல் முடிந்த பின்னரும் காணிகள் ஒருமிக்க விடுவிக்கப்படவில்லை. கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. எமது முறை 2018 இல் வந்தது. அப்பம்மா வாழ்ந்த வீட்டிலே ஓடுமில்லை, கதவுமில்லை, நிலையுமில்லை. பழைய அத்திவாரத்தின் மீது இரண்டு அறைகளை எழுப்பிக்கொண்டோம். மூன்று பக்கமும் முட்கம்பி அடித்தாயிற்று. கிழக்குப் பக்கம் மாத்திரம் திறந்தபடி கிடந்தது. அப்பக்கத்து வளவிலே வாழ்ந்தவர்கள் திரும்பவில்லை. அவ்வீட்டு ஆச்சி இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமானார். பிள்ளைகள் கனடாவில் இருக்கின்றனர். மதிலாகவே கட்டுமாறும், செலவிற் பாதியைத் தாம் அனுப்புவதாகவும் அவர்கள் தொலைபேசியிலே கூறினர். எமது பாதிக்கு வழியில்லாததால் அப்பா வேலியே போதும் என்று தீர்மானித்தார். கூலி கொடுக்கவும் இயலாதென்பதால் கூலியாள் நானே ஆனேன்.

யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றிப் பலரும் ஏளனமாகவே எழுதியுள்ளனர். தன்னை மூடிக்கொள்ளும் சமூகத்தின் அடையாளம் என்பது அவர்தம் கருத்து. அதில் உண்மை உண்டு. ஆயினும் அவ்வேலிக்குப் பின்னால் ஒரு சிக்கனமான ஒழுங்கும் இருந்தது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலியவற்றின் கதிகால்கள் நாட்டப்படும். அவை தளிர்த்து உயிர்வேலியாகும். அவற்றின் குழை ஆட்டிற்கும் தோட்டத்துப் பசளைக்கும் உதவும். மிதித்துத் தட்டையாக்கிய பனையோலைகள் வேலியிலே வெயில் தின்று பழையதானதும், கழற்றப்பட்டுத் தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்படும். புதிய ஓலை மீண்டும் வேலிக்கு வரும். பனையினின்று வேலிக்கும் வேலியினின்று மண்ணுக்குமாக ஓலை சென்றுகொண்டேயிருந்தது. மதிலுக்கு இத்தகைய பயனில்லை. ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலையுமில்லை. பனைகள் அழிந்து, ஆட்களும் அருகி, வெளிநாட்டுப் பணமும் வந்துசேர்ந்த ஊரிலே மதில் பெருகியது வியப்பன்று.

எல்லையைக் கண்டுபிடிப்பதிலே எமக்குச் சிரமம் இருக்கவில்லை. முன்பிருந்த வேலியின் பூவரசங் கதிகால்கள் முப்பது ஆண்டுகள் வெட்டுவாரின்றி மரங்களாகி வரிசையாக நின்றன. அவ்வரிசையையொட்டி எமது பக்கத்திலே ஒரு பட்டுப்போன மரத்திற்குப் பதிலாகக் கதிகால் நாட்டுவதற்கென அலவாங்கினால் குழி தோண்டினேன். அலவாங்கு கல்லிலே மோதியது. எமது பகுதியிலே எங்கு தோண்டினாலும் சுண்ணக்கல் தட்டுப்படும். இதுவோ சதுரமாகப் பொழியப்பட்ட கல். அப்பா மண்ணை விலக்கிப் பார்த்தார், நெடுநேரம் பேசவில்லை. பின்னர் வளவின் மறுமுனைக்குச் சென்று தோண்டினார். அங்கும் அத்தகைய கல்லொன்று இருந்தது. இரண்டிற்கும் இடையே கயிறு கட்டினோம். பூவரச வரிசை கயிற்றுக்கு அப்பால், ஓர் அடி தள்ளி, பக்கத்து வளவினுள்ளே நின்றது.

இவ்வோர் அடியைப் பற்றி நான் முன்னரே கேள்விப்பட்டிருந்தேன். அப்பப்பா வேலியைத் தள்ளி அடைத்தார் என்று பக்கத்து வீட்டார் எண்பதுகளின் தொடக்கத்திலே வழக்கிட்டனர். இல்லை என்று அப்பப்பா வாதாடினார். வழக்கு தவணை தவணையாக நீண்டது. இரு வீட்டாரும் நன்மை தீமைக்குப் போவதில்லை. ஒரே கோயிலிலே வேறு வேறு வேளையிற் கும்பிட்டனர். 1990 இல் இரு குடும்பங்களும் ஒரே நாளில் ஒரே வீதியாற் சென்றன. வழக்கு எங்கே போயிற்று என்று எவரும் அறியார். அப்பப்பாவின் பக்கமே நீதி இருந்ததென்று நாங்கள் வளர்ந்தோம்.

எமது வளவின் நீளம் 120 அடி. ஓர் அடி அகலமெனின் 120 சதுர அடி. ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்ற கணக்கிலே ஒரு பரப்பு ஏறத்தாழ 2,722 சதுர அடியாகும். ஆகவே வழக்கிற்குரிய நிலம் ஒரு பரப்பில் இருபதில் ஒரு பங்கும் இல்லை. இதனை நான் ஒரு துண்டுத் தாளிலே கணக்கிட்டபோது சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

மாலையிலே அப்பம்மாவைக் கைபிடித்து அழைத்துவந்து கல்லைக் காட்டினோம். அவர் குனிந்து அதனைத் தடவிப் பார்த்தார்.

"கல்லிலைதான் எல்லை. பூவரசு பிறகு வைச்சது."

"அப்ப ஏனம்மா அந்த நேரம் சொல்லேல்லை?" என்றார் அப்பா.

"ஆர் என்னைக் கேட்டது? கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். கேக்கவும் பயம், சொல்லவும் பயம். அப்பிடியே காலம் போட்டுது."

அப்பா மரவரிசையைப் பார்த்தார். நாட்டிய மரங்கள், வளர்ந்த நிழல், யாரும் கேள்வி கேட்க இல்லாத வெறும் வளவு. "இப்ப ஆர் வந்து கேக்கப்போகினம்?" என்று மெல்லக் கூறினார்.

"ஒருத்தரும் கேக்காயினம். அதுதான் சொல்லுறன். கயித்திலை அடை."

அன்றிரவு அப்பா உண்ணாமற் படுத்தார். தந்தையைப் பொய்யராக ஏற்பது எந்த மகனுக்கும் எளிதன்று. மறுநாட் காலையிலே அவர் எனக்கு முன்னரே எழுந்து கயிற்றின் வழியே குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

வேலி அடைப்பிலே ஒரு நுட்பம் உண்டு. கதிகால்களுக்குக் குறுக்கே வரிச்சுத் தடி கட்டி, ஓலைகளை ஒன்றன்மீது ஒன்று படிய நிறுத்தி, குத்தூசியாற் கட்டிச் செல்லவேண்டும். ஒருவர் இப்பக்கமிருந்து ஊசியைக் குத்த, மற்றவர் அப்பக்கத்திலே கயிற்றை வாங்கி வரிச்சைச் சுற்றித் திருப்பி அனுப்பவேண்டும். தனியொருவராற் செய்வதாயின் ஒவ்வொரு கட்டுக்கும் வேலியைச் சுற்றி ஓடவேண்டும். முற்காலத்திலே பக்கத்து வீட்டார் மறுபக்கம் நிற்பதுண்டு என்றும், வழக்கிற்கு முன்னர் அந்த ஆச்சியும் தானும் அவ்வாறு நின்றதுண்டு என்றும் அப்பம்மா சொன்னார். எல்லைக்காகச் சண்டையிட்டவர்களுக்கும் அவ்வெல்லையைக் கட்டுவதற்கு மற்றவரின் கை தேவைப்பட்டிருக்கிறது.

இம்முறை மறுபக்கத்திலே நான் நின்றேன். முதன்முறையாக எமது வீட்டைப் பக்கத்து வளவிலிருந்து பார்த்தேன். ஓலை எழ எழ அப்பாவின் முகம் மறைந்தது; ஊசியின் முனை மாத்திரம் வந்துபோயிற்று. "வாங்கு, பிள்ளை" என்ற குரலுக்கு வாங்கினேன். "இழு" என்றபோது இழுத்தேன். நான்கு நாட்களில் வேலை முடிந்தது. கிணற்றடிக்கு நேரே ஆள் நுழையத்தக்க ஒரு பொட்டு விடவேண்டுமென்று அப்பம்மா பிடிவாதமாக நின்றார். வருவதற்கு யாருமில்லையே என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை, பொட்டு விடப்பட்டது.

வருடப் பிறப்பன்று கனடாவுக்கு அப்பா தொலைபேசியிற் பேசினார். கல்லைக் கண்டதையும், பூவரசு மரங்கள் அவர்களுடையவை என்பதையும் கூறினார். மறுமுனையிலே சற்று மௌனம். பின்னர், அம்மா உயிரோடிருந்தபோது இதனைக் கேட்டிருக்கலாம் என்றார் மூத்த மகள். அதற்குப் பதில் எம்மிடம் இருக்கவில்லை. அப்பம்மா தொலைபேசியை வாங்கி நெடுநேரம் கதைத்தார். என்ன கதைத்தார் என்று எமக்குச் சொல்லவில்லை.

வாட்டமான காலமாதலால் புதிய கதிகால்களுக்கு நாள்தோறும் நீர் ஊற்றுமாறு வீட்டிலே சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகம் திரும்பினேன். கிளுவை இரண்டு தளிர்த்துள்ளதாக அறிகின்றேன். ஓலையை அடுத்தடுத்த பங்குனியிலாவது மாற்றியாக வேண்டும். அவ்விடுமுறை எப்போது தொடங்குமென்று அப்பா இப்போதே கேட்டு வைத்திருக்கின்றார்.