கம்ரியின் சில்லு கரவனுக்கு வராது

மொன்றியலில் கார் வைத்திருக்கிற எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும், பேஸ்மென்ரிலோ பின் பல்கனியிலோ நாலு சில்லு அடுக்கிக் கிடக்கும். கியூபெக்கில் பனிக்கால ரயர் கட்டாயம். 2008இல் சட்டம் வந்தபோது டிசம்பர் 15இல் தொடங்கியது, 2019இல் அதை டிசம்பர் 1க்கு இழுத்துவிட்டார்கள். மார்ச் 15 வரை கழற்ற முடியாது. ஆகவே வருசத்துக்கு இரண்டு தரம் சில்லு மாற்றுகிற ஊர் இது. பார்க் எக்ஸ்ரென்சனில் வளர்ந்த எங்களில் பலர் பைசிக்கிள் ஓடப் பழகின வயதிலேயே ஜாக்கி பிடிக்கவும் பழகிவிட்டோம்.

கரவன் வாங்கினவுடன் இந்தப் பழக்கம்தான் காலை வாரும். சில்லைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்போம். தெரிந்ததெல்லாம் கார்ச் சில்லு.

எங்கள் தலைமுறைக்குக் கரவன் ஆசை புதிது. அப்பா அம்மாவுக்குக் கோடை என்றால் ரொறன்ரோக் கல்யாணங்களும் டொலார்-தே-ஒர்மோ முருகன் கோயில் தேரும்தான். பிள்ளைகளோ பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "எல்லாரும் காம்பிங் போறாங்கள், நாங்க ஏன் போறேல்ல?" என்று கேட்கிறார்கள். அப்படித்தான் சென்-ஜெரோம் பக்கத்தில் 17 அடி ரூலோத் ஒன்றைப் பழசாக வாங்கினோம். இங்கே கரவன் என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார். ரூலோத் என்றால்தான் விளங்கும்.

வீட்டுக்கு இழுத்து வந்து பார்த்தபோது இடது சில்லும் வலது சில்லும் வேறு வேறு. வலதில் இருந்தது கார் றிம், கார் ரயர். முதல் சொந்தக்காரர் எங்கோ வழியில் அவசரத்துக்குப் போட்டு, அப்படியே விட்டிருக்கிறார். இடது றிம்மின் விளிம்பு நெளிந்திருந்தது. ஏப்ரல் மாதத்து மொன்றியல் றோட்டுக்கு அது புதினமில்லை. றோட்டுக் குழியை இங்கே பிரெஞ்சில் 'நீ-த-பூல்' என்பார்கள், கோழிக்கூடு என்று அர்த்தம். சில குழிகளில் கோழி இல்லை, மாடே படுக்கலாம்.

மாமா வந்து பார்த்தார். "தம்பி, அஞ்சு ஓட்டை, அஞ்சு நட்டு. என்ர பழைய கம்ரி றிம் கிடக்கு, அளவும் ஒண்டு. இதுக்கேன் காசைக் கொட்டுறாய்?"

ஓட்டை அளவு பற்றி மாமா சொன்னது பிழையில்லை. கம்ரியில் அஞ்சு ஓட்டைகளும் 114.3 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. வட அமெரிக்கச் சிறு கரவன்களில் அதிகம் காணப்படுவதும் அதே நாலரை அங்குலம்தான். உங்களுடையது எது என்று பார்க்க ஒரு சுலபமான வழி: பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டுகளில் ஒன்றின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்பு வரை அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். 67 மி.மீ. வந்தால் 114.3. 71 வந்தால் நாலே முக்கால் அங்குலம். 66 வந்தால் 112, அது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற கார்களின் அளவு. ஒரு மில்லிமீற்றரில் ஆள் மாறிவிடும், ஆகவே தையல் ரேப் வேண்டாம், கலிப்பர் எடுங்கள். ஆறு போல்ட் என்றால் எதிரெதிரே நேராக அளக்கலாம்.

ஆனால் ஓட்டை பொருந்தினால் சில்லு பொருந்தியது என்று அர்த்தமில்லை. கம்ரி றிம்மின் நடு ஓட்டை 60.1 மி.மீ. ட்ரெயிலர் றிம்களில் அது பெரும்பாலும் 80ஐத் தாண்டும். பல ட்ரெயிலர் ஹப்களில் கார் றிம் முழுசாக உட்காராது. உட்கார்ந்தாலும், கார் றிம் சில்லை நாலு சென்ரிமீற்றர் அளவில் உள்ளே தள்ளும். ட்ரெயிலர் றிம்மில் அந்தத் தள்ளல் வழமையாகப் பூச்சியம். நாலு சென்ரிமீற்றர் போதும், ரயர் ஸ்பிரிங்கிலோ சட்டத்திலோ உரச.

பெரிய விசயம் பாரம். எங்கள் கரவனின் அச்சு 3,500 இறாத்தல், அதாவது 1,588 கிலோ. ஒரு சில்லுக்கு 794. கம்ரியில் வருகிற 94 என்ற பாரக் குறியீட்டு ரயர் 670 கிலோ தாங்கும். கார் ரயரை ட்ரெயிலரில் போட்டால் அந்த எண்ணை 1.1ஆல் பிரிக்க வேண்டும் என்பது ரயர்த் தொழிலின் விதி, மிஞ்சுவது 609. மாமாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, "அப்ப அந்தாள் இதிலயே ஓடித் திரிஞ்சவரோ?" என்றார். ஓம். பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு.

கரவனின் இடது பக்கத்தில், முன்பாதியில் ஒரு லேபல் ஒட்டியிருக்கும். பிரெஞ்சில் பி.என்.பி.வி. என்று முழு எடையும், ரயர் அளவும், றிம் அளவும், குளிர்ந்த ரயருக்கான காற்றழுத்தமும் அதில் உண்டு. எங்கள் லேபல் எஸ்.டி. 205/75 ஆர் 14 என்றது. எஸ்.டி. என்றால் ட்ரெயிலருக்கென்றே செய்த ரயர். அதில் சி தரம் 50 பி.எஸ்.ஐ.யில் 798 கிலோ தாங்கும். 794க்கு 798! நாலு கிலோ மிச்சம், ஒரு அரிசிப் பைக்கும் காணாது. டி தரம் 65 பி.எஸ்.ஐ.யில் 925 கிலோ. விலை வித்தியாசத்தைப் பார்க்காமல் டி எடுத்தோம். ஒன்று மறக்காதீர்கள்: ரயர் 65 தாங்கினாலும் றிம் தாங்க வேண்டும். றிம்மிலேயே பாரமும் அழுத்தமும் பொறித்திருக்கும்.

தேடல் யூலையில் வேண்டாம். கடைசி இரண்டு முழுக் கிழமையும் கட்டுமானத் தொழிலாளர் விடுமுறை, பாதி கியூபெக் றோட்டில் நிற்கும். மே மாதம் நல்லது. நகருக்குள் இருக்கிற கராஜ்கள் பலதுக்கு ட்ரெயிலர்ச் சாமான் தெரியாது. லவால் தாண்டி ஓட்டோரூட் 15, 640 பக்கமாக ட்ரெயிலர்க் கடைகளுக்குப் போங்கள். றிம்மும் ரயரும் பூட்டினபடியே கனேடியன் ரயரிலும் பிரின்செஸ் ஓட்டோவிலும் கிடைக்கும். றிம்முக்கு 'ஜான்த்', நட்டுக்கு 'எக்ரூ', அச்சுக்கு 'எசியூ' என்று கேட்டால் வேலை சுலபம். வாங்கும் முன் ரயர்ச் சுவரில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆம் கிழமை செய்தது. ட்ரெயிலர் ரயர் தேயுமுன்னே வெயிலில் வயது போய்விடும்.

இனி நட்டு. எங்கள் கரவனின் போல்ட் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. கம்ரி நட்டு எம் 12, புரி இடைவெளி 1.5 மி.மீ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கையால் ஏறாத நட்டை இயந்திரத்தால் ஏற்றினால் புரி போய்விடும். நட்டின் அடியும் முக்கியம். ட்ரெயிலர் றிம்முக்கு 60 பாகைக் கூம்பு வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அந்தக் கூம்புதான் சில்லை நடுவில் நிறுத்துகிறது. டொயோட்டா அலோய் றிம்கள் பலதில் வருகிற, தட்டை வாசருள்ள நட்டுக்கு இங்கே வேலையில்லை. லண்டனிலோ ஜேர்மனியிலோ இருக்கிற உறவுகளுக்கு: அங்கே கரவனுக்கு நட்டு இல்லை, போல்ட்டே நேரே ஹப்பில் ஏறும். அதிலும் கூம்பா உருண்டையா என்று பார்த்தே வாங்குங்கள்.

பூட்ட முன் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். எங்கள் ஊர் உப்பு எதையும் விடாது. இடையில் துருவோ தடித்த பெயின்ரோ இருந்தால் ஓட ஓட அது நசுங்கி, நட்டு தளரும். போல்ட்டுக்குக் கிறீஸ் பூச வேண்டாம். நட்டைக் கையால் ஏற்றி, நட்சத்திர ஒழுங்கில், மூன்று தடவையாக டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அரை அங்குலப் போல்ட்டுக்கு டெக்ஸ்டர் அச்சுக் கையேடு சொல்வது 90 முதல் 120 அடி-இறாத்தல். பிறகு 10, 25, 50 மைலில் நிறுத்தித் திரும்ப இறுக்கச் சொல்கிறது, அதாவது 16, 40, 80 கிலோமீற்றர்.

இதை அதிகப்படி என்று நினைப்பவர்கள் 401இல் ரொறன்ரோ போகும்போது யோசிக்கலாம். கழன்ற லொறிச் சில்லுகள் ஆட்களைக் கொன்ற பிறகு, 1997இல் ஒன்ராறியோ சட்டம் போட்டது. வர்த்தக வாகனத்தில் சில்லு கழன்றால் அபராதம் 2,000 முதல் 50,000 டொலர், கவனமாகத்தான் பார்த்தேன் என்ற வாதம் எடுபடாது. கரவனுக்கு அந்தச் சட்டமில்லை. எதிரே வருகிறவருக்கு இரண்டும் ஒரே சில்லுதான்.

முதல் பயணத்துக்கு ஓகா நல்ல தெரிவு. மொன்றியலிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் அளவு, 640இன் மேற்கு முனையோடு ஒட்டின மாதிரி, டூ-மோந்தாஞ் ஏரிக் கரையில் காம்பிங். போகும் வழியிலேயே முதல் இரண்டு இறுக்கலும் முடிந்துவிடும். நாங்கள் முதல் தரம் நிறுத்தினபோது வலது பக்கத்தில் இரண்டு நட்டு கால் சுற்று ஏறியது. இரண்டாம் தரம் ஒன்றும் அசையவில்லை. மூன்றாவதை ஓகாவில் இருந்து திரும்பும் வழியில் மகள் செய்தாள். ரெஞ்ச் கிளிக் என்றதும், "அப்பா, எக்ரூ தமிழில என்ன?" என்றாள்.

"நட்டு."

"அது இங்கிலிஷ் எல்லோ?"

மாமாவின் கம்ரி றிம் நாலும் இன்னும் அவருடைய பேஸ்மென்ரில்தான் கிடக்கின்றன.