சந்தி இலக்கணமும் சரக்கு லாரியும்

புதியது பழையதோடு சேரும்போது, சேருமிடத்தில் சில மாறுதல்கள் நேராமல் இருப்பதில்லை. நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்கள் உண்டாகும் என்பது நம் தமிழ் இலக்கணம். அறபு நஹ்விலும் ஒரு சொல் முன்வந்து நின்றால் அடுத்த சொல்லின் ஈறு மாறிவிடுகிறது. ஆண்டாண்டாக மாணவர்க்கு நான் உரைத்து வரும் இப்பாடத்தைச் சங்கரன்கோவிலில் ஒரு லாரிப் பட்டறையில் கண்ணாரக் கண்டேன்.

என் லாத்தாவின் கணவர் லாரி உரிமையாளர், ஓட்டுநரும் அவரே. இவ்வூர் விசைத்தறித் துணிக்கட்டுகளையும் புளியங்குடி எலுமிச்சையையும் ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குச் சென்று வருவார். இருபது ஆண்டு கடந்த அந்த வண்டிதான் மூன்று பெண்மக்களின் திருமணத்தை நடத்தி வைத்தது. அறுபதை எட்டியதும் மச்சானின் இடது முழங்கால் சோர்ந்தது. மலைப்பாதையில் கிளட்சை ஓயாது மிதித்த கால் அல்லவா? ஒருநாள் வண்டியைவிட்டு இறங்கவே இருவர் தாங்கவேண்டியதாயிற்று.

அவருடைய மகன் இயந்திரப் படிப்புப் படித்தவன். "மாமா! புது வண்டி ஒன்றின் ஆட்டோமேடிக் கியர் பெட்டியை வாங்கி இதில் பொருத்திவிட்டால் வாப்பாவுக்குக் கிளட்சே வேண்டாம்" என்றான். மச்சானோ, "ஆலிம்சா, வண்டியை விற்கச் சொன்னாலும் சொல்லுங்கள், அதன் குடலை மாற்றச் சொல்லாதீர்கள்" என்றார். இருவரும் என்னை நடுவராக்கினர். பட்டறை மூத்த மெக்கானிக்கிடம் சென்றோம்.

தானியங்கிக் கியரின் கதை நெடியது. செர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர், கப்பல்களுக்காக 1905ஆம் ஆண்டிலேயே எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1940ஆம் ஆண்டுக் கார்களில் 'ஹைட்ராமேடிக்' பெட்டியை அளித்தது. நம் நாட்டிலோ 2014இல் மாருதி செலேரியோ வந்த பின்னரே எளியோர் காரிலும் இவ்வசதி பரவலாயிற்று. அது பழைய கிளட்சையும் பல்சக்கரங்களையும் வைத்துக்கொண்டே, அவற்றை இயக்கும் வேலையை மட்டும் கணினியிடம் ஒப்படைத்த வேறொரு முறை.

மெக்கானிக் விளக்கியபோது, மூன்று விகாரங்களும் என் முன் வரிசையாக நின்றன. எஞ்சினின் போல்ட் துளைகளும் புதிய பெட்டியின் துளைகளும் ஒத்துவராததால் இடையே ஓர் இரும்புத் தட்டு கடைந்து செய்யவேண்டும். எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் குளிர்விப்பான் வேண்டும். எத்தனை அழுத்தத்தில் ஆக்சிலரேட்டர் மிதிக்கப்படுகிறது, வண்டி என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கணினிக்கு உரைக்கும் உணரிகளும் வேண்டும். இவை தோன்றல். பின்சக்கரங்களுக்கு விசை கொண்டு செல்லும் புரொப்பல்லர் ஷாப்டின் நீளம் மாறும். இது திரிதல். கிளட்ச் மிதி மறையும். அதனோடு, பேட்டரி சோர்ந்த நாளில் நாலுபேர் கூடித் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வசதியும் மறையும். இவை கெடுதல்.

இன்னொன்றும் சொன்னார். "இறக்கத்தில் சின்ன கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இடையே எண்ணெய் நின்று நழுவினால் அந்தப் பிடி தளரும். ஆரியங்காவு இறக்கத்தில் பாரத்தோடு பிரேக்கை மட்டும் நம்ப முடியுமா?" என்றார். மருமகன் முகம் வாடியது.

சட்டமும் குறுக்கே நின்றது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதற்கு வரம்பு வகுத்துள்ளது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்துள்ளது. எட்டாண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும் என்பதையும் எண்ணவேண்டும்.

அப்போது நான் கேட்டேன்: "வலி கியரிலா, கிளட்சிலா?" மெக்கானிக் சிரித்தார். காற்று பிரேக்குக்குரிய காற்றைக் கொண்டே கிளட்ச் மிதியை இலகுவாக்கும் 'பூஸ்டர்' ஒன்று அதே நிறுவனத்தின் பிந்திய வண்டிகளில் உண்டு. அது இதற்கும் பொருந்தும் என்றார். அதிகாரியிடம் முறைப்படிக் கேட்டு, அதனையே பொருத்தினோம். மலைப்பாதையை மகன் ஏற்றுக்கொண்டான். சமவெளி ஓட்டம் மச்சானுடையது. ஓட்டுநர் இருக்கையை அவர் இழக்கவில்லை. மகனின் நோக்கமும் அதுவன்றி வேறன்று.

நோயுள்ள இடமறிந்து மருந்திடுவதே அறிவு. முழுவதையும் மாற்றும் ஆர்வம் அன்பினால் பிறந்ததாயினும், எது எதனோடு பொருந்தி நிற்கிறது என்று ஆராய்ந்த பின்னரே அதற்குக் கைகொடுக்கவேண்டும். சந்தி அறியாதவன் சொல்லைப் பிரித்தாலும் பிழை, சேர்த்தாலும் பிழையன்றோ!