மலையேறாமல் ஒரு திருப்பதிப் பயணம்

திருச்சானூர் கோயில் தெருவின் நெரிசலைத் தாண்டி யோகிமல்லவரம் பக்கம் சைக்கிளைத் திருப்பினால், ஹாரன் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. தாயாரைச் சேவிக்க வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பராசரேசுவரர் கோயிலுக்கு வருவதாகத் தெரியவில்லை. சைக்கிளை மதிலோரம் சாத்திவிட்டு உள்ளே போனேன். கல்லில் சோழர் காலத் தமிழ் எழுத்துகள். சுண்ணாம்பு அப்பிய இடங்களை விட்டுவிட்டால், பழகிய கண்ணுக்கு அங்கங்கே ஒரு சொல் பிடிபடுகிறது. காரில் வந்திருந்தால் இந்தத் திருப்பத்தைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

நான் போனது வழி பார்த்து வைக்க. சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் ஊர் சுற்ற வேண்டும், இதுவரை போனதில்லை, எங்கே போகலாம் என்று கேட்கும் நண்பர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பாதிப் பேர் இங்கிலாந்துக் கிராமத்துச் சாலைகளின் வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். இரண்டு பக்கமும் வேலிச்செடி, நடுவில் ஒற்றை வண்டி போகிற சாலை, பொழுது சாய்ந்தால் ஒரு விடுதி. அங்கே 1878-லேயே சைக்கிள் பயணிகளுக்குச் சங்கம் அமைத்துவிட்டார்கள். எந்த ஊரில் எந்த விடுதி சைக்கிள்காரர்களுக்கு ஏற்றது என்று பார்த்து, வாசலில் சங்கத்தின் சின்னத்தையே மாட்டி வைத்தார்கள். நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. ஆனால் ராத்தங்க இடமும் எந்நேரமும் சாப்பாடும் கிடைக்கிற ஊர் என்று பார்த்தால், சென்னைக்குப் பக்கத்தில் திருப்பதிக்கு ஈடு ஏது?

மலை என்றதும் பயப்பட வேண்டாம். நான் சொல்லும் வழியில் மலையே ஏறுவதில்லை. தலக்கோனா அருவிக்குப் போகலாமே என்பார்கள். 270 அடி அருவிதான், அழகுதான். ஆனால் அறுபது கிலோமீட்டர் போக வேண்டும், நடுவில் பாகராப்பேட்டை மலைப்பாதை, சுற்றிலும் காடு. முதல் தடவை போகிறவர் மூச்சு வாங்கித் திரும்பினால் அந்தச் சைக்கிள் பிறகு மொட்டைமாடியில்தான் கிடக்கும். அதனால் சுவர்ணமுகி ஆற்றுச் சமவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யோகிமல்லவரத்திலிருந்து ரேணிகுண்டா வரை சாலை நெரிசல்தான், பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக ஓட்டிவிட வேண்டும். ரேணிகுண்டாவில் ஒரு பஞ்சர் கடையில் நின்றேன். கடைக்காரர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

“எங்க சார் போறீங்க?”

“குடிமல்லம்.”

“அதுக்கு ஆட்டோ இருக்கே சார்!”

சிரித்துவிட்டு, என் டயரின் மெல்லிய வால்வை விரலால் தொட்டுப் பார்த்து, “இதுக்கு நம்ம கடையில காத்து பிடிக்க முடியாது” என்றார். புதிதாக சைக்கிள் வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பைக் டயரில் இருக்கும் தடித்த வால்வே உங்கள் சைக்கிளிலும் இருந்தால், ஆந்திராவில் எந்த மூலையிலும் காற்றுக்குக் கவலையில்லை. விலையுயர்ந்த சைக்கிளின் மெல்லிய வால்வுக்குக் கைப்பம்பு கூடவே வர வேண்டும். இரண்டு மாற்று ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், டயரைக் கழற்றும் நெம்பி, இவை போதும். வழி நெடுக வேலிகாத்தான் முள். பஞ்சர் ஆகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

விமான நிலையத்தைத் தாண்டி பாப்பாநாயுடுபேட்டை சாலைக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு நிம்மதி. நெல் வயல், புளிய மரம், நடுச்சாலையில் அசையாமல் நிற்கும் எருமை. பாப்பாநாயுடுபேட்டை கண்ணாடி மணிக்குப் பேர் போன ஊர். உருக்கிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழல் ஒன்றின் நுனியில் திரட்டி, உலைக்குள் வைத்தபடியே மறுபக்கத்திலிருந்து ஒருவர் நடுவில் துளையோடு மெல்லிய குழாயாக இழுத்துக்கொண்டே இருப்பார். அதை முழ முழமாக ஒடித்து, கத்தியில் பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடேற்றினால் முனை மழுங்கி மணியாகிவிடும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த மணிகளும் இழுத்து நறுக்கும் முறையில் வந்தவையே. மணிகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கர் பீட்டர் பிரான்சிஸ், அரிக்கமேட்டு மணிகளைப் புரிந்துகொள்ள இந்த ஊரின் உலைகளைத்தான் வந்து பார்த்தார். நம் தொல்லியல் ஆர்வலர்கள் கீழடிக்குப் போகிற வேகத்தில் கால்வாசி வேகம் இந்தப் பக்கமும் காட்டலாம்.

அங்கிருந்து குடிமல்லம் சிறிது தூரம்தான். பரசுராமேசுவரர் கோயில் வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. கருவறைத் தரை பள்ளத்தில் இருப்பதால் குனிந்துதான் பார்க்க வேண்டும். விளக்கை உயர்த்திக் காட்டினார் அர்ச்சகர். ஐந்தடி உயர லிங்கம், பழுப்பு நிறத்தில் மெருகேறிய கல். அதன் முன்பக்கத்தில் சிவன் நிற்கிறார், ஒரு குள்ளனின் தோள்மேல் கால் ஊன்றி. ஒரு கையில் ஆட்டை அதன் கால்களைப் பற்றித் தொங்கவிட்டிருக்கிறார், மறு கையில் கமண்டலம், தோளில் மழு. இது கி.மு. இரண்டு அல்லது முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. பிற்காலத்தது என்பவர்களும் உண்டு. டி.ஏ. கோபிநாத ராவ் இதை அறிஞர் உலகுக்குச் சொன்னது நூறாண்டுக்கு முன். 1973-ல் தொல்லியல் துறை தோண்டியபோது இன்றைய கற்கோயிலுக்கும் முந்தைய செங்கற் கட்டடம் கீழே தென்பட்டது. கருவறையின் பின்சுவர் கஜபிருஷ்டமாக வளைந்திருப்பதை வெளியே வலம் வரும்போது பாருங்கள். நான் போன நேரத்தில் என்னைத் தவிர இருந்தவர்கள் ஒரு குடும்பம் மட்டுமே. திருப்பதியிலிருந்து இங்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர், போய்வர 50. முதல் நாளுக்கு இதுவே அதிகம்தான், ஆனால் வழி சமதரை.

மறுநாளுக்கு மேற்கே. திருப்பதியிலிருந்து தொண்டவாடா, அங்கே ஆற்றங்கரையில் அகத்தீசுவரர் கோயில். அதைத் தாண்டிச் சந்திரகிரிக் கோட்டை. 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு விஜயநகர அரசர்கள் பெனுகொண்டாவிலிருந்து நகர்ந்து வந்து உட்கார்ந்த தலைநகரம். சென்னைக்காரர்களுக்கு இது கிட்டத்தட்ட பத்திரப்பதிவு அலுவலகம்: 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நம் கடற்கரை மணலை எழுதிக்கொடுத்த நாயக்கர், இந்தச் சந்திரகிரி அரசருக்கு அடங்கியவர். ராஜ மகாலில் மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்பு கொண்டே மூன்று தளம் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துப் போங்கள். திரும்பும்போது சீனிவாச மங்காபுரம் வழியாக வந்தால் மொத்தம் 35 கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து மலைக்கு 2,388 படி ஏறும் ஸ்ரீவாரி மெட்டு பக்கம் காட்டுச் சாலைதான். இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். 2023-ல் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற சம்பவம் மறக்கக்கூடியதல்ல.

மூன்றாம் நாளுக்குச் சித்தூர் பக்கம். ஆனால் சித்தூர் வரை சைக்கிளில் போக வேண்டாம். எழுபது கிலோமீட்டரும் பெருவழிச்சாலை, லாரி. பாகாலா வழியாகக் காட்பாடி போகும் ரயில்பாதை சித்தூரைத் தொட்டுக்கொண்டே போகிறது. சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து, பெயரும் இறங்கும் ஊரும் எழுதிய அட்டையைச் சட்டத்தில் கட்டி, ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் 11 கிலோமீட்டர். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கோயில் என்பார்கள். கூட்டம் எப்போதும் உண்டு. எனக்குப் பிடித்தது அதற்கப்பால் ஐராலா பக்கத்துக் கிளைச்சாலைகள். மாந்தோப்பும் கரும்பும் மாறி மாறி வருகின்றன. ஒரு வயலோரத்தில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கொப்பரையில் சாறு பொங்க, ஒருவர் நீண்ட கரண்டியால் அழுக்கு நுரையை ஒதுக்க, அடுப்பில் கரும்புச் சக்கையே எரிகிறது. “சாப்புடுங்க அண்ணா” என்று சூடான பாகை இலையில் ஊற்றித் தந்த பையன் காசு வாங்க மறுத்துவிட்டான். தெலுங்கு தெரியாதே என்று யோசிக்காதீர்கள். இந்த மாவட்டம் 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்தது. கடையில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது.

போகும் காலம் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. நவம்பரில் மழையை நம்ப முடியாது, 2021-ல் சுவர்ணமுகி கரைபுரண்டு திருப்பதி தெருக்களே மிதந்தன. கோடையில் மாம்பழம் கிடைக்கும், நீங்கள் கிடைக்க மாட்டீர்கள். வைகுண்ட ஏகாதசி வாரத்தில் அறை கேட்டுப் போகாதீர்கள். அறை பதியும்போதே தரைத்தளம் வேண்டும், சைக்கிளை உள்ளே வைக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால், கட்டுப் போடுவதற்குப் புத்தூர் பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி உள்ளூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். நீங்கள் ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று பகலும் சேர்த்து 120 கிலோமீட்டரைத் தாண்டாது. ஈ.சி.ஆரில் ஒரே காலையில் அவ்வளவு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இந்த வழி சரிப்படாது.