ஆடி மழையில் அக்காவின் ஓட்டம்

நம் ஊரில் ஆடி என்றால் காற்று. கல்கத்தாவில் ஆடி என்றால் மழை. சால்ட் லேக்கில் நாங்கள் குடியிருந்த காலத்தில், விடியும்போதே வானம் ஊற்றிக்கொண்டிருக்கும். ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாயில் கொண்டுவந்து, சதுப்பு நிலத்தை நிரப்பி 1960களில் உருவாக்கிய ஊர் அது. ஒரு மணி நேரம் பெய்தால் போதும், தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

1987 நவம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் எங்கள் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் நடந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அக்காவுக்கு ஓட்டப் பைத்தியம். அடுத்த குளிர்காலத்தில் பத்து கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் ஓடியே தீருவது என்று முடிவு செய்தாள். அதற்கு மழைக்காலம் முழுக்கப் பயிற்சி செய்தாக வேண்டும்.

"இந்த மழையில போனா சளி பிடிக்கும்டி" என்பாள் அம்மா. அக்காவுக்கும் எல்லா நாளும் ஆசை இருந்ததில்லை. போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள். அப்பா அதட்ட மாட்டார். "ஷூவை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போம்மா. அங்க நின்னு யோசி. வேண்டாம்னு தோணினா திரும்பி வந்துடு" என்பார். வாசல் வரை போனவள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இடி மின்னல் இருந்தால் மட்டும் அப்பாவே நிறுத்திவிடுவார்.

கூடவே நான் சைக்கிளில் போவேன். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவேன். கருணாமயி பக்கம் கதம்ப மரங்களின் கீழே மஞ்சள் பூப்பந்துகள் உதிர்ந்து கிடக்கும். மூலை வீட்டு வங்காளித் தாத்தா பால்கனியில் நின்று கையசைப்பார். ஒருநாள் அக்கா வரவில்லையென்றால் மறுநாள் காரணம் கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே அவள் கிளம்பிய காலைகள் உண்டு.

வீடு திரும்பியதும் ஷூ வைத்தியம். சேறு கழுவி, உள்அட்டையை உருவி, பழைய செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணிப்பேன். சற்று நேரத்தில் காகிதம் ஊறிவிடும். உருவிப் போட்டு வேறு திணிக்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் ஃபேன் காற்றும் கிடையாது. மறுநாளும் ஈரமாகவே இருந்தால், கொப்புளம் வராமலிருக்க அக்கா விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். "சிவ்நாத் சிங் வெறுங்காலோடவே ஓடினவர்டா" என்பாள். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவதாக வந்தவர். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி, பல பத்தாண்டுகள் நிலைத்த தேசிய சாதனையைப் படைத்தவர். அதற்குப் பிறகு ஈர ஷூவைக் காரணம் சொல்ல முடியுமா?

மழை விட்ட நாட்கள்தான் அவளுக்கு இன்னும் கஷ்டம். காற்றில் அத்தனை ஈரம் இருந்தால் வியர்வை உலராது, உடம்புச் சூடும் தணியாது. அன்றெல்லாம் கடிகாரத்தைப் பார்க்காமல், மூச்சு வாங்காமல் என்னோடு பேச முடிகிற வேகத்தில் மட்டும் ஓடுவாள்.

குளிர்காலம் வந்தது. அக்கா பத்து கிலோமீட்டரையும் நிற்காமல் ஓடி முடித்தாள். பரிசு கிடைக்கவில்லை, அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

மழை விடட்டும், மனசு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு நான் அவளிடம் கற்றதைச் சொல்கிறேன். கிளம்பிய பிறகுதான் மனசு வரும். முதலில் ஷூ நாடாவைக் கட்டுங்கள். நீங்கள் வரவில்லையென்றால் ஏன் என்று கேட்க ஒருவரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.