மெல்ல ஏற்றிய மருந்து

2014-இல் ஒரு மழையிரவு. அப்போது மூன்று வயதான என் மகளுக்கு வந்த வலிப்பு, முன்னிருமுறை போலத் தானாக அடங்கவில்லை. மருத்துவமனையில் போட்ட முதல் ஊசிக்கும் நிற்காததால் ஃபெனிட்டாயினை நரம்புவழி ஏற்றத் தொடங்கினார்கள். எடை 12 கிலோ. கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் 240. நிமிடத்திற்கு 12 மில்லிகிராமுக்கு மேல் போகாதபடி, சிரிஞ்ச் பம்பில் 20 நிமிடம் என்று வைத்தார் இளம் மருத்துவர்.

குழந்தையின் விரல்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போது 20 நிமிடம் எத்தனை நீளமானது! "சிஸ்டர், கொஞ்சம் வேகமா விடக்கூடாதா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது நாகரிகமான சொல், அதட்டினேன். அவர் திரும்பாமலேயே, "வேகமா விட்டா நெஞ்சு தாங்காது சார்" என்றார்.

பாதி மருந்து உள்ளே போயிருக்கும். மானிட்டரில் 160-ஐ ஒட்டி நின்ற எண் இறங்கத் தொடங்கியது. வலிப்பு அடங்கும்போது துடிப்பு குறைவது இயல்புதான். ஆனால் அது 68-க்கு வந்தது. இரத்த அழுத்தமும் சரிந்தது. மருத்துவர் பம்பை நிறுத்தினார். எண் மெல்ல மேலேறிய பிறகு, முன்னிலும் பாதி வேகத்தில் மறுபடி தொடங்கினார்கள். விரல்கள் ஓய்ந்தன.

விடியற்காலையில் மருத்துவர் விளக்கினார். மூளையின் நரம்பணுக்களில் சோடியம் நுழையும் வாயில்களை இம்மருந்து அடக்குகிறது. அவ்வகை வாயில்கள் இதயத்திலும் உண்டு. மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் அழுத்தத்தைக் குறைக்கும். வலிப்புக்கு 1938 முதல் வழங்கிவரும் இதே மருந்தை, 1950-களில் தாறுமாறான இதயத் துடிப்பைச் சீராக்கவும் கொடுத்தார்களாம். அளவும் வேகமும் மாறினால் காப்பதே கெடுக்கும். வாயால் குடிக்கும் மருந்தில் இந்த ஆபத்து அரிது என்றார். இருந்தும் வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு இ.சி.ஜி. எடுத்தார். பிறவியிலேயே இதயத் துடிப்பில் கோளாறுள்ள சில பிள்ளைகள் மயங்கி விழுவதும் வலிப்பென்றே கொள்ளப்படுவதுண்டு என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

வகுப்பில் 'நெஞ்சொடு கிளத்தல்' நடத்தும்போது, நெஞ்சு என்றால் மனம், மார்பன்று என்று ஆண்டுதோறும் அழுத்திச் சொல்வேன். இப்போதும் சொல்கிறேன், சற்றுக் குரல் தாழ்த்தி.

மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள்; மருந்து நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் செவிலியரிடம் மன்னிப்புக் கேட்க மறுநாள் காலை தேடிப்போனேன். இரவுப் பணி முடிந்து அவர் கிளம்பிவிட்டிருந்தார். பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.