அப்பாவின் வீட்டுக்குப் பத்து வீல்!

அமெரிக்காவில் சில பேர் வீடு, வாடகை எல்லாத்தையும் ஏறக்கட்டிட்டு, பெரிய வேனுக்குள் கட்டில், அடுப்பு, பாத்ரூம்னு செட் பண்ணி ரோட்டிலேயே குடித்தனம் நடத்துறாங்க. ஆர்.வி. வாழ்க்கைன்னு பேரு. பண்டிகை வந்தா, வீட்டையே ஓட்டிக்கிட்டு சொந்தக்காரங்களைப் பார்க்கப் போவாங்களாம். 2021-ல் ஆஸ்கர் ஜெயிச்ச 'நோமேட்லேண்ட்' படத்தை ஹாஸ்டல் ரூமில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். "வாழ்ந்தா இப்படி வாழணும்டி!"ன்னு ரூம்மேட் உருகினா. அந்தப் படத்தில் வர்றவங்க வேலையும் வீடும் போனதால் வேனுக்குக் குடிபோனவங்க என்பதை அவ கவனிக்கவே இல்லை!

நான் மட்டும் சிரிச்சேன். எங்க வீட்டிலேயே ஒருத்தர் 22 வருஷமா அப்படித்தான் வாழுறார். எங்க அப்பா. நேஷனல் பர்மிட் லாரி டிரைவர். குஜராத்திலிருந்து பஞ்சு ஏத்தி ராஜபாளையம் மில்லுகளில் இறக்குவார். அங்கிருந்து நூல் ஏத்தி வடக்கே போவார். எங்க வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பாவோட வீடு... பத்து சக்கரத்தில்!

இந்த மார்கழியில் செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச அன்னிக்கு அப்பா போன் பண்ணினார். "பாப்பா, ஓசூர் தாண்டிட்டேன். பஸ்சுல போறியா, என்கூட வாறியா?" யோசிக்கவே இல்லை. பெட்டியோட நாமக்கல் பைபாஸில் போய் நின்னுட்டேன்.

சிங்கிள் பெட்ரூம் கேபின்

நாமக்கல்லில் ஏறினதில் ஒரு பொருத்தம் இருக்கு. லாரிக்கு பாடி கட்டுவதில் இந்தியாவுக்கே பேர்போன ஊர் அது. அப்பா ஓட்டுற வண்டிக்கும் பாடி கட்டினது இங்கேதான். அப்போ, அவர் வீட்டுக்குச் செங்கல் வெச்ச ஊரும் இதுதானே!

ஏணி மாதிரி ரெண்டு படி ஏறினா, கேபின். சீட்டுக்குப் பின்னாடி ஒரு ஆள் கால் நீட்டுற அளவுக்குப் பலகை. அதுதான் பெட்ரூம். சைடுல டூல்ஸ் பாக்ஸுக்குள் சின்ன காஸ் அடுப்பு, குக்கர், மிளகாய்த்தூள் டப்பா. அது கிச்சன். தலைக்கு மேல கொடி கட்டி ஈரத்துண்டு. டேஷ்போர்டில் மாரியம்மன், ஆண்டாள், அப்புறம் என் அஞ்சாங்கிளாஸ் போட்டோ. "இதையாவது மாத்துங்கப்பா!"ன்னேன். "இதுல நீ பேச்சுக் கேக்குற புள்ளையா இருக்க"ன்னார்.

கூட இன்னொரு டிரைவர் சித்தப்பா. ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் தூங்க, வண்டி நிக்கவே நிக்காது. நான் வந்ததால் பாவம் சித்தப்பா பலகையிலிருந்து எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

பின்னாடி 100 பேல் பஞ்சு. ஒரு பேல் 170 கிலோ. மனக்கணக்கில் 17 டன்! மெக்கானிக்கல் ஸ்டூடண்ட் ஆச்சே, பிரேக்கிங் டிஸ்டன்ஸ் பத்தி அப்பாகிட்ட கொஞ்சம் லெக்சர் எடுத்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "முன்னாடி போற பைக்காரன் எப்ப திரும்புவான்னு உங்க புக்குல போட்டிருக்கா?"ன்னு கேட்டார். கப்சிப்.

கரூர் தாண்டி ஒரு ஓரமா நிறுத்தி சமையல். ரசம், முட்டைப் பொரியல், அவ்வளவுதான். டயர் ஓரமா உட்கார்ந்து, ஹைவேஸ் காத்துல தட்டு பறக்காமப் பிடிச்சுக்கிட்டு சாப்பிட்ட அந்த ரசத்துக்கு எங்க ஹாஸ்டல் மெஸ்ஸையே எழுதி வெச்சிடலாம்.

11 நாள் பில், 5 நாள் கெடு

சாப்பிடும்போது சரக்குக்கான இ-வே பில்லைப் பார்த்தேன். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு கணக்குப் போட்டு அதுக்கு ஆயுள் கொடுப்பாங்க. ராஜ்கோட் பக்கமிருந்து எங்க ஊருக்கு 2,200 கிலோமீட்டர் வரும். அப்படின்னா 11 நாள்.

"அப்புறம் ஏம்ப்பா இப்படிப் பறக்குறீங்க?"

"கவர்மென்ட்டு பதினோரு நாள் குடுக்கும் தாயி. ஓனரு அஞ்சு நாளுதான் குடுப்பாரு."

1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தாச்சு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலைன்னு அதில் இருந்தது. நான் மொபைலில் படிச்சுக் காட்டினதும் சித்தப்பாவுக்குப் புரையேறிடுச்சு. அவ்வளவு சிரிப்பு! 2025-லிருந்து புதுசா தயாரிக்கிற லாரிகளுக்கு கேபினில் ஏ.சி. கட்டாயம்னு ஆகியிருக்கு. அப்பாவோடது பழைய வண்டி. இன்ஜின் சூடு முட்டியில் அடிக்குது. மார்கழி என்பதால் எனக்கு அது சுகமா இருந்தது. மே மாசம் மகாராஷ்டிராவில் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன், அதுக்கப்புறம் சுகமா இல்லை.

ராத்திரி பலகையில் படுத்தேன். தலைமாட்டில் ஒரு டெய்லி காலண்டர் அட்டை. சில தேதிகளில் மட்டும் பேனாவில் ஒரு சுழி. "இது என்ன, டீசல் போட்ட கணக்கா?"ன்னு கேட்டேன்.

ஸ்டீயரிங்கில் இருந்த அப்பா திரும்பாமலே சொன்னார். "வீட்டுல படுத்த நாளு."

எண்ணினேன். ஒரு வருஷத்துக்கு 52. எனக்கு 20 வயசு. எல்லா வருஷமும் இதே கணக்குன்னு வெச்சா 1,040 ராத்திரி. மூணு வருஷம்கூட வரலை. அப்புறம் எனக்குத் தூக்கமும் வரலை.

வீடு தெரியுது... வண்டி நிக்கலை!

மதுரை, திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில்... விடிகாலை அஞ்சரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். 192 அடி உயரம், 11 நிலை ராஜகோபுரம். தமிழ்நாடு அரசு முத்திரையில் நாம பார்க்கிற கோபுரம் இதுதான்னு எங்க ஊர்க்காரங்க எல்லாரும் சொல்வாங்க. மைக்செட்டில் திருப்பாவை. தெருவெல்லாம் கோலம், நடுவுல பூசணிப்பூ.

எங்க தெரு முக்கில் அம்மாவும் தம்பியும் நின்னுட்டு இருந்தாங்க. அப்பா வேகத்தைக் குறைச்சார். ஜன்னல் வழியா அம்மா ஒரு தூக்குவாளியை நீட்டினாங்க. ரெண்டு ஹாரன். அவ்வளவுதான், வண்டி போயிட்டே இருக்கு!

"இறங்கலையாப்பா?"

"மில்லு கேட்டுல வரிசையில நிக்கணும்ல. பிந்துனா ஒரு நாளு போச்சு."

சொந்த வீட்டைத் தாண்டி 12 கிலோமீட்டர் போய், லோடு இறக்கிட்டு, அப்புறம்தான் வீட்டுக்கு வரணும். 22 வருஷமா இதுதான் நடக்குது. தூக்குவாளியில் வெண்பொங்கல் சுடச்சுட இருந்தது.

ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் ஆரம்பிச்ச ராஜபாளையம் மில்ஸுக்கு அப்புறம் இந்த வட்டாரமே நூலும் துணியுமா மாறிடுச்சு. எடைமேடை, சாம்பிள் டெஸ்ட், அப்புறம் லோடுமேன் அண்ணன்கள் கொக்கி போட்டு பேல்களை உருட்டினாங்க. காத்தெல்லாம் பஞ்சுத் தூசி.

காத்திருந்த நேரத்தில் நான் ஊருக்குள் ஒரு ரவுண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ்.குமாரசுவாமி ராஜா, தன் சொந்த வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். வழியில் ஒரு வீட்டு வாசலில் வெள்ளை வெளேர்னு, ரோஸ் மூக்கோட ஒரு ராஜபாளையம் நாய். 2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடிச்ச ஜாதியாச்சே, என்னை மேலும் கீழும் பார்த்துட்டு "போ, போ"ன்னு விட்டுடுச்சு.

திரும்பி வந்து அப்பாகிட்ட கதை சொன்னா, "அப்படியா? கலை மன்றம் எங்கிட்டு இருக்கு?"ன்னு கேட்கிறார். 22 வருஷமா இந்த ஊருக்கு வர்றார். அவருக்குத் தெரிஞ்சது மில் கேட், எடைமேடை, டீக்கடை. அவ்வளவுதான்.

மகள் வர்ற நாள்

வெளக்கு ஏத்துற நேரத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்னிக்கு எங்க ஊரில் ஒரு விசேஷம். மார்கழி பகல்பத்து உற்சவத்தின் முதல் நாள். ரெங்கமன்னாரோடு ஆண்டாள் பொறந்த வீட்டுக்கு வருவாங்க. பெரியாழ்வாரின் வம்சாவளியில் வர்ற வேதபிரான் பட்டர் வீடுதான் அந்தப் பொறந்த வீடு. மகளும் மாப்பிள்ளையும் வர்றாங்கன்னு காய்கறிகளைக் குவிச்சுப் பரப்பி வெச்சு வரவேற்பாங்க. 'பச்சைப் பரத்தல்'னு பேரு. கத்திரிக்காய், பூசணி, வாழைன்னு பார்க்கவே கண்ணு நிறையும்.

கூட்டத்தில் அப்பா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பார்த்தார். பிறந்து வளர்ந்த ஊர். ஆனா, லோடு லைனுக்குப் போனதிலிருந்து இதைப் பார்த்ததே இல்லையாம். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போற புள்ளைக்கு எம்புட்டுக் காய் பாரு!"ன்னார். அம்மா பட்டுனு சொன்னாங்க. "ஏன், உங்களுக்கு நான் பரப்பலையா? காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு பொங்கலு வெச்சது யாருக்காம்?"

வீட்டில் அப்பா விருந்தாளி மாதிரிதான் இருப்பார். டம்ளர் எங்கே இருக்குன்னு தம்பியைக் கேட்பார். ராத்திரி ஃபேன் காத்துல கட்டிலில் புரண்டு புரண்டு பார்த்துட்டு, ரெண்டு மணிக்கு எழுந்து வாசல் திண்ணையில் போய்ப் படுத்தார். ஆட்டம் இல்லாம தூக்கம் வரலையாம்!

மறுநாள் நாலு பேரும் பஸ் ஏறி அய்யனார் அருவிக்குப் போனோம். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில். ஆயிரம் அருவி தாண்டி லாரி ஓட்டியிருப்பார், ஒண்ணுலயும் இறங்கிக் குளிச்சதில்லை. தண்ணிக்குள்ள தலையைக் கொடுத்துட்டு அப்பா போட்ட சத்தம் இருக்கே... தம்பி வீடியோ எடுத்து வெச்சிருக்கான். என் அப்பாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும்னு அன்னிக்குத்தான் தெரியும்.

நீங்களும் வரலாமே!

* மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 75 கிலோமீட்டர் சுமார். பஸ்சுக்குப் பஞ்சமில்லை. சென்னைக்காரங்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ், ரெண்டு ஊரிலும் நிக்கும்.
* தேர் இழுக்க ஆசைன்னா ஆடிப்பூரத்துக்கு வாங்க. பச்சைப் பரத்தலுக்கு மார்கழி.
* அருவிக்குக் கிளம்பும் முன்னாடி தண்ணி வரத்தையும் வனத்துறை அனுமதியையும் விசாரிச்சுக்கங்க.
* 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பால்கோவாவைச் சூடா, இலையில் வெச்சு வாங்கிச் சாப்பிடுங்க. அப்பா ஒவ்வொரு ட்ரிப்பும் குஜராத் ஜின்னிங் மில் வாட்ச்மேனுக்கு அரைக்கிலோ கொண்டுபோவார். அங்கே அவர் பேரே 'பால்கோவா டிரைவர்'தான்!

அடுத்த லோடு

அருவியிலிருந்து திரும்பும்போது அம்மா மெள்ள ஆரம்பிச்சாங்க. பக்கத்தில் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெய்யுற ஊர். அங்கே இருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு வேன் ஓட்ட ஆள் கேட்டிருக்காங்க. காலையில் போனா ராத்திரி வீடு. சம்பளம்தான் இப்போ வாங்குறதில் முக்கால்வாசி.

அப்பா பேசவே இல்லை. எனக்குப் புரிஞ்சிடுச்சு. அந்தக் கால்வாசி, என் காலேஜ் ஃபீஸ்.

"நான் எஜுகேஷன் லோன் போட்டுக்கிறேம்ப்பா."

"படிக்கும்போதே கடன் தாள்ல உம் பேரு வரக் கூடாதுன்னுதானே தாயி இவ்ளோ தூரம் ஓட்டுறேன்."

"நீங்க ஓட்டுறதும் என் கடன்தானேப்பா? அதை எந்த பேங்க்ல கட்டுறது?"

கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துட்டு வந்தார். "இந்த லோடு போயிட்டு வாரேன். வந்து பேசுவோம்."

அன்னிக்கு ராத்திரி நூல் லோடோட வண்டி வடக்கே கிளம்பிடுச்சு. தெரு முக்கில் ரெண்டு ஹாரன். இந்தத் தடவை மூணாவதா ஒண்ணும் அடிச்சார். ஏன்னு தெரியலை. காலண்டர் அட்டையில் ரெண்டு சுழி வந்திருக்குமான்னா, ஒண்ணுதான் வந்திருக்கும். திண்ணையில் படுத்ததையும் சேர்த்து!

லோன் அப்ளிகேஷனை நிரப்பி வெச்சுட்டேன். அதில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் காலியா இருக்கு. இதை எழுதும்போது அப்பா பஞ்சு ஏத்திக்கிட்டு தாவணகெரே தாண்டிட்டாராம். இன்னும் ரெண்டு நாள்.

ரூம்மேட் கேட்டா, "அடுத்த தடவை நானும் உங்கப்பா வண்டியில வரட்டுமாடி?" வரலாம். ஆனா, அப்போ அது லாரியா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கேன். சத்திரப்பட்டி வேனா இருக்கணும்!